காணி உண்டா, இல்லையா

மீளக் குடியேறிய புதிதில் ஒதியங்குளத்து வீடுகளுக்கு ஏதோ ஒரு நிறுவனம் சூரிய விளக்குகள் கொடுத்தது. மற்றவர்கள் முற்றத்துக் கப்புத் தடியில் கட்டித் தொங்கவிட்டு வெளிச்சம் பார்த்தார்கள். மாயாண்டி அதை ஆட்டுக் கொட்டிலுக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தார். வீட்டில் முக்கியமான கதை ஏதும் கதைக்க வேண்டி வந்தால், முதலில் போய் அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டு வருவார்.

“சும்மா குடுக்கிறானுங்கன்னா உள்ள எதையாவது வச்சிருப்பானுங்க” என்பது அவருடைய கட்சி.

மனைவி சிவலட்சுமி ஒருநாள் சாக்கை எடுத்து எறிந்துவிட்டு விளக்கைக் குசினிக்குள் கொண்டுவந்து வைத்தாள். அதன் பிறகு கொஞ்சக் காலம் மாயாண்டி குசினிக்குள் வாயே திறக்கவில்லை.

ஊர் சிரித்தது. ஆனால் அவரை முழுக்கப் பிழை சொல்லவும் முடியாது. மலையகத் தோட்டத்தில் அவருடைய அப்பா முனியாண்டி, பிரஜாவுரிமைக்கு என்று சொல்லி நீட்டிய கடதாசியில் கைநாட்டு வைத்தார். பிறகு பார்த்தால், இந்தியாவுக்குப் போகச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்தில் நின்று கைநாட்டு வைத்த சித்தப்பா குடும்பத்தோடு கப்பல் ஏறினார். அதோடு அவர்கள் முகத்தைக் காணவில்லை. அப்பா எப்படியோ இழுத்தடித்து நின்றுகொண்டார். எழுபத்தேழு கலவரத்தில் லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது எல்லோரும் கட்டிய துணியோடு லொறி ஏறி வன்னிக்கு வந்தார்கள். மாயாண்டிக்கு அப்போது மீசை அரும்பாத வயது.

நெடுங்கேணிக்கு அப்பால், காட்டோரமாக, ஒதியங்குளத்தின் மேற்குப் பக்கத்தைக் காட்டி, “இதுதான் உங்கட காணி, வெட்டித் துப்புரவாக்குங்கோ” என்றார்கள், குடியேற்றிவிட வந்த தொண்டர்கள். சொன்னவர்கள் ஒரு துண்டுக் கடதாசியும் எழுதிக் கொடுக்கவில்லை. குளத்தின் கிழக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இருந்தன. சில வருடங்களில் அவர்களுக்கு அரசாங்கத்தின் காணி அனுமதிப்பத்திரம் வந்தது. மேற்குப் பக்கத்துக்கு வரவில்லை. அந்தக் காலத்தில் கிராம அலுவலராக, ஜி.எஸ்ஸாக, இருந்த ராஜரத்தினம்தான் தங்கள் விண்ணப்பங்களை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார் என்பது மாயாண்டியின் உறுதியான எண்ணம். கண்ணால் கண்ட சாட்சி கிடையாது. ஆனால் அந்த எண்ணத்தை அவர் இடம்பெயர்ந்த ஊர் ஊராகக் காவிக்கொண்டு திரிந்தார்.

சண்டை முடிந்து, அகதி முகாமில் இருந்துவிட்டு, ஒருவழியாக ஒதியங்குளத்துக்குத் திரும்பியபோது காணியைக் காணவில்லை. பாலையும் வீரையுமாக மரங்கள் ஆளுயரத்துக்கு மேலே வளர்ந்திருந்தன. கிணற்றைக் கண்டுபிடித்த பிறகுதான் வீடு இருந்த இடம் எது என்று தெரிந்தது. புருஷனும் பெண்சாதியுமாகக் கையாலேயே வெட்டி வெளியாக்கினார்கள். முன்பக்கத்தில் வீடும், நடுவில் உளுந்தும், அதற்குப் பின்னால் கச்சான் கடலையுமாக ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கிப் போனது காடு. பின்பக்கப் பற்றைக்குள் வெள்ளை அடித்த எல்லைக்கற்கள் ஒன்றிரண்டு நின்றன. அவர்கள் ஊரில் இல்லாத காலத்தில் யாரோ நட்டவை. மாயாண்டி அவற்றைத் தொடவும் இல்லை, மதிக்கவும் இல்லை. ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் போகும்போதும் ஒரு தரம் உற்றுப் பார்த்துக்கொள்வார், கல் நகர்ந்திருக்கிறதா என்று.

இரண்டு மாரிக்கு முன்னால், கச்சானுக்காகப் பின்பக்கத்துப் பற்றையை வெட்டிக்கொண்டு நின்றபோது ஜீப் ஒன்று வந்தது. காட்டுக்குப் பொறுப்பான திணைக்களத்து ஆட்கள். ஒதுக்கக் காட்டுக்குள் வெட்டுகிறாய் என்றார்கள். கோடாலியையும் கத்தியையும் வாங்கினார்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்தார்கள். சிங்களத்தில் எதையோ எழுதி, கீழே கையெழுத்து வை என்றார்கள்.

“என்னா எழுதியிருக்குன்னு தெரியாம நான் வக்க மாட்டேன்” என்றார் மாயாண்டி.

வாசித்துக் காட்டினார்கள். அவர் அப்படியும் வைக்கவில்லை. வாசித்ததுதான் எழுதியிருக்கிறது என்று எப்படி நம்புவது?

பொலிசுக்குக் கொண்டுபோய், பிறகு பிணையில் விட்டு, வவுனியா நீதிமன்றத்துக்கு வரச் சொல்லித் தவணை கொடுத்தார்கள். முதல் தவணைக்கு அவர் தனியாகப் போனார். அங்கே நீதிமன்ற வாசலில் ஏரம்பு என்ற ஒருவன் பிடித்துக்கொண்டான். கக்கத்தில் ஒரு தோல் பை, சட்டைப் பையில் இரண்டு பேனை. சட்டத்தரணி இல்லை, எழுதுவினைஞரும் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோருக்கும் தெரிந்த ஆள்.

“அண்ணை, காட்டு வழக்கோ? ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. அடுத்த தவணைக்கு வந்து குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கோ. ஒரு தண்டம் அடிப்பினம். கட்டினா அண்டைக்கே முடிஞ்சுது. எங்கட லோயர் ஐயா எழும்பி நிண்டு ரெண்டு வசனம் சொல்லுவார். எதிர்த்து வழக்காடப் போனியளோ, வருசக் கணக்கில இழுபடும்.”

மாயாண்டிக்கு ஏரம்புவிலும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் இவன் காசு கேட்கிறான். காசுக்கு வேலை செய்கிறவனின் நோக்கம் என்ன என்று தெரியும். அதில் ஒரு நிம்மதி இருந்தது.

வீட்டுக்கு வந்தால் சிவலட்சுமி வேறு கதை வைத்திருந்தாள். நெடுங்கேணிப் பிரதேச செயலகத்தில் நடமாடும் சேவை நடந்ததாம். அங்கே சட்ட உதவி என்று ஒரு மேசை போட்டிருந்தார்களாம். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கமே இலவசமாகச் சட்டத்தரணி வைத்து வழக்குப் பேசுமாம், காணி வழக்கானாலும் சரி, பொலிஸ் வழக்கானாலும் சரி.

“யாரு குடுக்கிறா லோயரு?”

“அரசாங்கம்.”

“என்னைப் புடிச்சது யாரு?”

சிவலட்சுமி உளுந்தைப் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

“புடிக்கிறதும் அவுங்க. வழக்குப் போடுறதும் அவுங்க. எனக்காகப் பேசுறதும் அவுங்களா? ஒரே பையில இருந்துதானேடி ரெண்டு பேருக்கும் சம்பளம் போவுது. நீ அங்க என்னா சொல்லித் தொலைச்ச?”

“பேரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன்.”

“பேரைச் சொல்லிட்டியா!” என்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவள் உளுந்துச் சுளகைக் கீழே வைத்தாள். “இத்தனை வருசமா யாரையும் நம்பாம இருந்து, நீங்க எதைக் காப்பாத்துனீங்க? அதை மட்டும் சொல்லுங்க.”

அந்தக் கேள்விக்கு அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தோடுதான் மறுகிழமை அவளுடன் வவுனியா பஸ் ஏறினார்.

சட்ட உதவி அலுவலகத்தில் இருந்தவள் சுரேகா என்ற இளம் சட்டத்தரணி. வெள்ளைச் சேலை உடுத்திருந்தாள்; கறுப்புக் கோட்டு கதிரையின் முதுகில் தொங்கியது. “வாங்கோ ஐயா, இருங்கோ. அம்மா, நீங்களும் இருங்கோ” என்றாள். மின்விசிறியைத் தங்கள் பக்கம் திருப்பிவிட்டதை மாயாண்டி கவனித்தார். எதற்கு இவ்வளவு உபசரிப்பு?

“முதல்ல உங்களுக்கு இந்த உதவி கிடைக்குமோ எண்டு பாக்கவேணும். ரெண்டு விசயம் இருக்கு. ஒண்டு, உங்கட வருமானம் குறைவா இருக்கவேணும். அதுக்கு உங்கட ஜி.எஸ்ஸிட்ட ஒரு உறுதிக் கடிதம் எடுக்கவேணும். மற்றது, வழக்கில உங்கட பக்கம் ஏதும் நியாயம் இருக்கோ எண்டு நாங்கள் பாப்பம்.”

நியாயம் இருக்கிறதா என்று நீதிமன்றம்தானே பார்க்க வேண்டும்? இவள் யார் அதற்கு முன்னால் பார்க்க? பார்த்துவிட்டு யாரிடம் போய்ச் சொல்லுவாள்? மாயாண்டி அவள் கையில் இருந்த பேனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கேட்கக் கேட்க எழுதிக்கொண்டே போனாள். என்ன தொழில்? வீட்டில் எத்தனை பேர்? வேறு யாரும் உழைக்கிறார்களா? வெளிநாட்டில் யாரும் இருக்கிறார்களா? ஆடு மாடு ஏதும் இருக்கிறதா?

“இல்லைங்க” என்றார் மாயாண்டி.

“ஆடு இருக்கு மிஸ். குட்டியும் இருக்கு” என்றாள் சிவலட்சுமி.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சுரேகா தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

“சரி. காணி இருக்கா?”

மாயாண்டி நிமிர்ந்தார்.

இதற்காகத்தான் இவ்வளவு நேரமும் சுற்றி வந்திருக்கிறாள் என்று அவருக்குப் பட்டது. காணி இருக்கிறது என்று சொன்னால், ஓகோ, காணிக்காரன், உனக்கு எதற்கு இலவச லோயர் என்பார்கள். இல்லை என்று சொன்னால், எழுதி வைத்துக்கொண்டு நாளைக்கே நீதிமன்றத்தில் காட்டுவார்கள்: பாருங்கள், தனக்குக் காணி இல்லை என்று அவனே சொல்லியிருக்கிறான், அப்படியானால் அவன் வெட்டியது காடுதானே? எந்தப் பக்கம் கால் வைத்தாலும் பள்ளம். அப்பா கைநாட்டு வைத்த மேசையிலும் இப்படித்தான் ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள்.

“நீங்க யாரோட ஆளு?” என்று கேட்டார்.

“விளங்கேல்லை ஐயா.”

“உங்களுக்குச் சம்பளம் யாரு குடுக்கிறது?”

“அரசாங்கம்தான் ஐயா. ஆனா...”

அந்த “ஆனா” வரைக்கும்தான் அவர் இருந்தார். எழும்பி வெளியே நடந்துவிட்டார். பின்னால் சுரேகா, “ஏன் ஐயா எழும்பிறியள்? நான் சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோ” என்று கூப்பிட்டது கேட்டது. சிவலட்சுமி மட்டும் இருந்து, அவள் கொடுத்த கடதாசிகளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள்.

தெருவுக்கு அந்தப் பக்கத்துத் தேநீர்க் கடையில் இருவரும் பிளேன்ரீ குடித்தார்கள். அப்போதுதான் மாயாண்டி கண்டார். சுரேகா வெளியே வந்து தன் ஸ்கூட்டியின் பக்கத்தில் நின்றாள். அவளோடு ஓர் ஆள் நின்றான். பார்த்த உடனேயே அவருக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. கோடாலியைப் பறித்தவன். இருவரும் ஏதோ கதைத்தார்கள். அவன் கையை ஆட்டி ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள்.

“பாத்தியா?” என்றார் மாயாண்டி. “இப்ப பாத்தியா?”

சிவலட்சுமி பார்த்தாள். குடித்ததற்குக் காசைக் கொடுத்துவிட்டு எழும்பினாள்.

அன்றே ஏரம்புவைத் தேடிப் போய், ஒப்புக்கொள்ளுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த தவணைக்கு நீதிமன்றத்தில் சனம் நெருக்கியடித்தது. கள்ளச் சாராயக் கசிப்பு வழக்கு, மணல் ஏற்றிய உழவு இயந்திர வழக்கு என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். மாயாண்டி பின்வரிசை வாங்கில் இருந்து எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நம்பாதவர்களுக்குக் காது கூர்மை. ஏரம்புவின் லோயர் ஐயா முன்னால் உட்கார்ந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் சுரேகாவும் இருந்தாள், வேறு யாருடைய வழக்குக்கோ.

அவருக்கு முன்னால் கூப்பிட்டது திலீபன் என்ற ஒரு குடும்பகாரனை. நெடுங்கேணிக்கு மறுபக்கத்து ஊர். அதே மாதிரிக் காட்டு வழக்கு. ஏரம்பு கொண்டுவந்த ஆள்தான். மொழிபெயர்க்கும் நீதிமன்ற முதலியார் குற்றச்சாட்டை வாசித்துவிட்டு, “குற்றவாளியா, சுற்றவாளியா?” என்று கேட்டார்.

மாயாண்டி பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லக் கேட்டார். “அது என்னாங்க ரெண்டாவது?”

“குற்றம் செய்யேல்லை எண்டா சுற்றவாளி.”

ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். வாய் தடுமாறினால் ஒரு மனிதன் தொலைந்தான். இதை வேண்டுமென்றே இப்படி வைத்திருக்கிறார்கள் என்று மாயாண்டிக்குத் தோன்றியது.

“குற்றவாளி ஐயா” என்றான் திலீபன். லோயர் ஐயா எழும்பி, ஏழை விவசாயி, முதல் தடவை, மன்று கருணை காட்ட வேண்டும் என்றார். நீதவான் தண்டத்தைச் சொன்னார். அப்போது வழக்குத்தொடுநர் பக்கத்தில் இருந்து ஒருவர் எழும்பி ஒரு வசனம் சொன்னார். நீதவான் தலையாட்டி எதையோ எழுதினார். அந்த வசனத்தில் “வெளியேற” என்று ஒரு சொல் இருந்தது. பின்வரிசை வாங்கு வரைக்கும் அது ஒன்றுதான் தெளிவாக வந்தது.

திலீபன் முகம் மலர்ந்து வெளியே வந்தான். “முடிஞ்சுது அண்ணை. பெரிய நிம்மதி” என்று மாயாண்டியின் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

மாயாண்டி கதவடியில் நின்ற ஏரம்புவிடம் போனார். “கடேசியா ஒண்ணு சொன்னாங்களே. வெளியேறன்னு. அது என்னா?”

“அது வழமையாச் சொல்லுறது அண்ணை.”

“வழமையான்னா?”

“ஒப்புக்கொண்டா அப்பிடி ஒரு கட்டளை போடுறதுதான். நீங்கள் அதுகளை யோசியாதேங்கோ.”

“அப்ப அந்தப் பொடியன் இனிக் காணிக்குப் போவ ஏலாதா?”

ஏரம்பு பையை ஒரு கக்கத்தில் இருந்து மறு கக்கத்துக்கு மாற்றினான். “தண்டத்தோட முடியுது எண்டுதானே நான் சொன்னனான். காணியைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லையே.”

சொல்லவில்லைதான். மாயாண்டியும் கேட்கவில்லை. காசு வாங்குகிறவன் சொல்லாமல் விட்டதைப் பற்றிச் சந்தேகப்பட வேண்டும் என்று அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

அந்த நேரம் பார்த்து அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினார். முதலியார் வாசித்தது காதில் விழுந்தும் விழாமலும் போனது. லோயர் ஐயா பத்திரிகையை மடித்து எழும்பத் தயாராக இருந்தார்.

“குற்றவாளியா, சுற்றவாளியா?”

மாயாண்டி கதவடியில் நின்ற ஏரம்புவைத் திரும்பிப் பார்த்தார்.

“கேட்டது விளங்கினதா? குற்றவாளியா, சுற்றவாளியா?”

“எனக்குச் சந்தேகமா இருக்குங்க, தொரை” என்றார். தோட்டத்து நாக்கு, பதற்றத்தில் பழைய சொல்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. மன்றில் சிரிப்பு எழுந்தது. நீதவான் நிமிர்ந்து பார்க்க, அடங்கியது.

“என்ன சந்தேகம்?”

“நான் குற்றம் செஞ்சேனா இல்லையான்னு எனக்குத் தெரியலீங்க. அந்த எடத்துல எங்கப்பா வெட்டுன கெணறு இருக்கு. இவுங்க காடுங்கிறாங்க. ஒப்புக்கிட்டா நான் வெளிய போவணுமான்னு கேட்டேன், யாரும் ஒழுங்காச் சொல்ல மாட்டேங்கிறாங்க.”

நீதவான் லோயர் ஐயாவைப் பார்த்தார். அவர் பத்திரிகையைப் பார்த்தார். “உமக்குச் சட்டத்தரணி இருக்கிறாரா?” என்று நீதவான் கேட்டார். மாயாண்டி இல்லை என்று தலையாட்டினார். இருக்கிறார் என்றும் சொல்லலாம்; ஆனால் அந்த நிமிடத்தில் அது பொய்யாகத்தான் பட்டது.

“கட்டணம் கொடுக்க வசதியில்லை என்றால் சட்ட உதவிக்கு விண்ணப்பிக்கலாம். தவணை தருகிறேன். அதற்கிடையில் பேசி முடிவெடுத்துக்கொண்டு வாரும்.”

அவர் கூண்டை விட்டு இறங்கியபோது சுரேகா தன் இடத்தை விட்டு எழும்பவில்லை. கூப்பிடவும் இல்லை. அது அவருக்குக் கொஞ்சம் பிடித்தது. ஏரம்புவாக இருந்தால் பாய்ந்து வந்திருப்பான்.

மத்தியானத்துக்குப் பிறகு அவராகவே போய்ச் சட்ட உதவி அலுவலக வாசலில் நின்றார். சுரேகா உட்காரச் சொன்னாள், அவர் உட்காரவில்லை.

“அன்னைக்கு ஸ்கூட்டிக்குப் பக்கத்துல நின்னு அந்தாளோட என்னா பேசிச் சிரிச்சீங்க?”

சுரேகாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்தது. “ஐயா, நான் வழக்கு முடியிற வரைக்கும் அவையளோட சண்டை பிடிச்சுக்கொண்டே திரிய ஏலாது. நாளாந்தம் ஒரே மன்றில நிக்கிற ஆக்கள். அண்டைக்கு என்ர டயர் காத்துப் போட்டுது. எங்க ஒட்டுறது எண்டு கேட்டனான். பக்கத்து டயர்க் கடைக்காரன் போன முறை அந்தாளின்ர டயரை இன்னும் ஓட்டையாக்கி விட்டவனாம். அதுக்குத்தான் சிரிச்சனான்.”

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மாயாண்டி அதை ஒரு பக்கத்தில் வைத்தார்.

“நான் சொல்றதை நீங்க அவுங்ககிட்டச் சொல்ல மாட்டீங்கன்னு என்னா நிச்சயம்?”

“சொன்னா இந்தக் கோட்டைக் கழட்டி வைக்கச் சொல்லுவினம். சம்பளம் ஆர் தந்தாலும் நான் உங்கட லோயர். நீங்கள் இதுக்குள்ள சொல்லுறது இதுக்குள்ளதான். உங்களுக்கு என்னில நம்பிக்கை வராட்டி மாத்தச் சொல்லிக் கேக்கலாம். நான் கோவிக்க மாட்டன்.” பிறகு ஒரு கேள்வி கேட்டாள். “ஐயா, உங்கட பக்கத்தில இப்பிடி ஒப்புக்கொண்டு தண்டம் கட்டின ஆக்கள் இருப்பினம். அவையளில ஒராளாவது இண்டைக்கு அந்தக் காணியில பயிர் செய்யினமோ?”

மாயாண்டி யோசித்தார். ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது. ஒருவர் பரந்தனில் கூலிக்கு நெல் அறுக்கிறார். இன்னொருவர் ஆனையிறவு உப்பளத்தில். ஒருவரும் இல்லை. அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“காணி இருக்கான்னு கேட்டீங்களே. அதுக்கு என்னா எழுதப் போறீங்க?”

“நீங்கள் சொல்லுறதை எழுதுவன்.”

“இருக்குன்னும் சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது.”

“அப்ப உள்ளதைச் சொல்லுங்கோ. எப்ப வந்தனீங்கள், ஆர் காட்டினது, என்ன செய்தனீங்கள் எண்டு.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். கலவர வருடத்தில் இருந்து குடியிருப்பு, அனுமதிப்பத்திரம் கிடைக்கவில்லை, உரிமை இப்போது வழக்கில் இருக்கிறது. வருமானம் குறைவானவர் என்று காட்ட அதோடு ஜி.எஸ்ஸின் உறுதிக் கடிதம் போதும் என்றாள். முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தாள். மறுபடியும் வாசிக்கச் சொன்னார். வெளியே நின்ற சிவலட்சுமியைக் கூட்டிவந்து அவளுக்கும் வாசிக்கச் சொன்னார். சுரேகா தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தாள். அதன் பிறகுதான் கையெழுத்து வைத்தார்.

ஆனால் சாட்சி வேண்டும் என்றாள். சண்டைக்கு முன்பே அங்கே குடியிருந்தார்கள் என்று சொல்லக்கூடிய ஆள். அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர் என்றால் நல்லது. “அந்தக் காலத்து ஜி.எஸ் ஆரும் உயிரோட இருக்கினமோ?”

மாயாண்டிக்கு வாய் கசந்தது. இருக்கிறார். ராஜரத்தினம். ஓய்வு பெற்றுப் பரந்தனில் மகளோடு இருக்கிறார் என்று கேள்வி.

புளியங்குளத்துக்கு வந்து பஸ் மாறிப் பரந்தனில் இறங்கினார். வயல் பார்த்த கல்வீடு. ராஜரத்தினம் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். ஆள் மெலிந்து, கண்ணாடி தடித்துப் போயிருந்தது.

“ஆரது?”

“ஒதியங்குளம். முனியாண்டி மகன்.”

“நீ அந்த மாயாண்டியே? இரு, இரு.” உள்ளே பார்த்துத் தேத்தண்ணி போடச் சொன்னார். வந்த தேநீரை மாயாண்டி கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. வந்த விடயத்தைச் சொன்னார். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“கிணறு வெட்டேக்க நான் வந்து பாத்தனான். கல்லு வந்திட்டுதெண்டு உன்ர கொப்பன் வெடி வைக்கக் கடிதம் கேட்டவன்.”

“அதெல்லாம் ஞாபகம் இருக்கு. அப்ப எங்க பெர்மிட்டு விண்ணப்பம் என்னாச்சு?” நினைத்ததைக் காட்டிலும் உரத்துக் கேட்டுவிட்டார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

ராஜரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதை இப்ப கிண்டி என்ன செய்யப் போறாய்?” என்றார். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, “வழக்கு எண்டைக்கு?” என்று கேட்டார்.

மாயாண்டி திகதியைச் சொல்லிவிட்டு வெளியேறினார். ஆள் வராது என்று சுரேகாவிடம் சொன்னார். வந்தாலும் மாற்றிச் சொல்லும் என்றார்.

ஆள் வந்தார். மாயாண்டி “சுற்றவாளி” என்று சொல்லி, வழக்கை விசாரணைக்கு எடுத்த தவணையன்று மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டு, குடை ஊன்றி, நீதிமன்றப் படி ஏறி வந்தார். சாட்சிக் கூண்டில் நின்றபடி, எழுபதுகளின் கடைசியில் குளத்தின் மேற்குப் பக்கத்தில் குடும்பங்கள் குடியேறின, கிணறுகள் வெட்டப்பட்டன, தான் நேரில் பார்த்தது என்று உத்தியோகத் தமிழில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அனுமதிப்பத்திரம் ஏன் கொடுக்கவில்லை என்று எதிர்த்தரப்புக் கேட்டது. “கொடுக்கப்படவில்லை” என்றார். ஏன் என்று மறுபடி கேட்டார்கள். “கொடுக்கப்படவில்லை” என்றே மறுபடியும் சொன்னார். மாயாண்டி அந்த முகத்தைத் துளைத்துப் பார்த்தார். பயத்தில் சொல்கிறாரா, வெட்கத்தில் சொல்கிறாரா, வெறும் வீம்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியே வந்ததும் கிழவர் அவரோடு கதைக்காமல் போய் வாகனத்தில் ஏறிவிட்டார்.

பிறகு சுரேகா, திணைக்களத்து அதிகாரியிடம் எல்லைக்கற்களைப் பற்றிக் கேட்டாள். அரசாங்க வர்த்தமானியில் சொல்லும் எல்லை நிலத்தில் எந்த இடத்தால் போகிறது என்று காட்டச் சொன்னாள். அதிகாரி கற்களைக் காட்டினார். கற்கள் எந்தப் படத்தைப் பார்த்து நடப்பட்டன என்று கேட்டாள். அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார் அவர். நில அளவையாளரை அனுப்பி அளக்கும்படி மன்று கட்டளையிட்டது. அதற்குப் பிறகும் சில தவணைகள் வீணாகப் போயின. ஒவ்வொரு தவணையிலும் மாயாண்டி, சுரேகா யாரோடு கதைக்கிறாள், எங்கே நிற்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் அதைக் கண்டும் காணாத மாதிரி இருந்தாள்.

அளந்து பார்த்ததில் ஒதுக்கக் காட்டின் எல்லை காணிக்குப் பின்னால் போனது. வீடும் கிணறும் உளுந்தும் கச்சானும் வெளியே. பின்மூலையில் ஒரு துண்டு மட்டும் உள்ளே. நீதவான் மாயாண்டியை விடுதலை செய்து, அந்த மூலைக்குள் இனிக் கத்தி வைக்கக் கூடாது என்று எச்சரித்தார். சான்றுப்பொருளாக இருந்த கோடாலியையும் கத்தியையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

வெளியே சுரேகா முகம் நிறையச் சிரிப்போடு வந்தாள். “ஐயா, வெண்டிட்டம்.”

“அந்த மூலை?”

“அது உண்மையிலேயே உள்ளுக்குத்தான் ஐயா போகுது. படத்திலயே இருக்கு.”

“படத்துல இருக்குன்னா சரிதான்” என்றார். பஸ்சில் வரும்போது மனைவியிடம், “அந்த மூலையை யாரோ பேசிக் குடுத்துட்டாங்கடி” என்றார். சிவலட்சுமி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “மீதியைப் பேசி வாங்குனது யாரு?” என்றாள். பஸ் புளியங்குளத்தில் நின்றதும் அவர் இறங்கினார். அங்கே கச்சான் சுற்றிய கடதாசிச் சரை இரண்டு வாங்கிவந்து ஒன்றை அவளிடம் நீட்டினார்.

அனுமதிப்பத்திரம் இன்னும் வரவில்லை. அதற்கு வேறு விண்ணப்பம், வேறு விசாரணை. அதற்கும் சட்ட உதவி கிடைக்கும் என்று சுரேகா சொல்லியிருக்கிறாள். இந்த வருடம் குளத்தின் மேற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு வீடுகளுக்கு அதே மாதிரி அழைப்பாணை வந்தது. இரண்டு வீட்டாரும் மாயாண்டியிடம்தான் வந்தார்கள். போகலாமா, நம்பலாமா என்று கேட்டார்கள்.

“போங்க” என்றார் அவர். “நம்பணும்னு யாரு சொன்னா? உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. எழுதுனதை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. அந்தப் புள்ள வாசிக்கும். வாசிக்காட்டி எழும்பி வந்துடுங்க.”

சொன்னதோடு விடாமல் கூடவே வவுனியாவுக்கும் போனார். அவர்கள் உள்ளே இருந்தபோது, வெளி வாங்கில் இருந்து கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளேயிருந்து சுரேகா வாசிக்கிற குரல் வந்துகொண்டிருந்தது. வாங்கின் நுனிக்கு நகர்ந்து, காதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.